படப்பில் கிடைத்த அரிவாள்: செய்யாத கொலைக்குத் தண்டனை எப்படி வருகிறது?

எங்கள் பெரியப்பா ஒரு கொலை வழக்கில் சாட்சி. கொலையை அவர் பார்க்கவில்லை, செத்தவரையும் தெரியாது. தேவகோட்டைக்குப் போக ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றவரை ஜீப்பில் வந்த ஏட்டையா கூப்பிட்டு, "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கய்யா" என்றிருக்கிறார். போலீஸ்காரரிடம் எதற்கு வம்பு என்று, தாளை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மூன்று வருஷம் கழித்து சம்மன் வந்தது. தாம் ஒரு வயலுக்கு நடந்துபோனதாகவும், ஒரு ஆள் வைக்கோல் படப்புக்குள் கையை விட்டு அரிவாளை எடுத்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்ததாகவும் அந்தத் தாளில் எழுதியிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

அந்தத் தாளுக்கு மகஜர் என்று பெயர்: போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் கையெழுத்தோடு பதிகிற தாள். பெரியப்பா கதைக்குப் பிறகு வருகிறேன். கொலை செய்யாத ஒருவர் ஆயுள் தண்டனை வாங்கினார் என்றால், பின்னால் யாரோ பெரிய சதி செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படி ஒரு சதி தேவையே இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆளாளுக்குச் சின்னதாக ஒன்றைச் சேர்த்தால் போதும். கிராமத்தில் அது இன்னும் சுலபம்.

முதலில் ஒரு அடிப்படை. கொலை வழக்கை இரண்டு வழியில் நிரூபிக்கலாம். ஒன்று, வெட்டியதை நேரில் பார்த்தவர் வந்து கூண்டில் ஏறிச் சொல்வது. இன்னொன்று, பார்த்தவர் யாரும் இல்லாதபோது, சுற்றியுள்ள சங்கதிகளை ஒவ்வொன்றாகக் கோத்து, இவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்ற இடத்துக்கு வருவது. இரண்டாவதைத்தான் சந்தர்ப்ப சாட்சியம் என்கிறார்கள். இது மட்டமான சாட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதன் பொய் சொல்வான், சங்கதிகள் பொய் சொல்லாது என்று வக்கீல்கள் சொல்வதுண்டு. ஆனால் அந்தச் சங்கதிகளைக் கோக்கிறவர் மனிதர்தானே.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். காரைக்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கானாடுகாத்தான் வீடுகளும் ஆத்தங்குடிக் கல்லும்தான் நினைவுக்கு வரும். அந்தத் தெருக்களைத் தாண்டிக் கொஞ்சம் போனால் செம்மண், கண்மாய், ஒருபோக நெல். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் வருஷத்துக்கும். மழை குறைந்தால் மடையில் சண்டை நிச்சயம்.

அப்படி ஒரு வருஷம், விடிகாலையில் மடைக்குப் பக்கத்தில் ஒருவர் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் தண்ணீர் திறப்பதில் வாய்த்தகராறு. ஏற்கெனவே வரப்புத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இரவு ஏழு மணிக்கு இருவரும் கண்மாய்க் கரையில் முன்னும் பின்னுமாகப் போனதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். பிணம் கிடைத்த அன்று பங்காளி ஊரில் இல்லை, தொண்டியில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். நாலாம் நாள் அவரே வி.ஏ.ஓ. முன்னால் ஆஜராகி, நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிறது. அன்றைக்கே, அவர் அடையாளம் காட்டிய படப்பிலிருந்து அரிவாள். அதில் ரத்தக்கறை.

இதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. 'அவன்தான்யா' என்று முடித்துவிடுவோம். சரி, இப்போது ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிப் பார்க்கலாம்.

முன்விரோதம். அந்த ஊரில் செத்தவரோடு சண்டை போடாதவர் யார்? மடைத் தண்ணீர், வரப்பு, கோயில் மரியாதை, மஞ்சுவிரட்டில் மாட்டைப் பிடித்த விவகாரம் என்று ஒரு ஆள் மேல் நாலு பேருக்காவது கோபம் இருக்கும். விரோதம் இருந்தால் வெட்டத் தோன்றுவது உண்மைதான். விரோதி பெயரைப் புகாரில் சேர்த்துவிடத் தோன்றுவதும் அதே அளவு உண்மை. அதனால்தான் முன்விரோதத்தை மட்டும் வைத்துக் கோர்ட் எதையும் முடிவு செய்வதில்லை.

கடைசியாக ஒன்றாகப் பார்த்தது. பட்டணத்தில் ஒரு லாட்ஜ் அறைக்குள் இரண்டு பேர் போய், ஒருவர் மட்டும் வெளியே வந்தால் அது பெரிய சங்கதி. கண்மாய்க் கரை அப்படியா? வயலுக்கும் கொல்லைக்கும் அடுத்த ஊருக்கும் அதுதான் பாதை. ஏழு மணிக்குப் பார்த்தார்கள், விடியும்போது பிணம் கிடந்தது. நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இடையில் மூன்றாவது ஆள் வந்திருக்க வாய்ப்பே இல்லை என்னும் அளவுக்கு நேரம் நெருக்கமாக இருந்தால்தான் இந்தச் சாட்சியத்துக்கு எடை. உயிர் எப்போது போனது என்பதைப் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டராலும் நிமிஷக் கணக்காகச் சொல்ல முடியாது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்று ஒரு இடைவெளியைத்தான் எழுதுவார்.

ஊரை விட்டுப் போனது. நம் ஊரில் போலீஸ் வருகிறது என்றால் குற்றம் செய்தவரும் ஓடுவார், செய்யாதவரும் ஓடுவார். தெருவில் ஆம்பிளை ஆளே இருக்காது. தலைமறைவானதை மட்டும் வைத்துக் குற்றவாளி என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை எழுதியிருக்கிறது.

அடுத்தது வி.ஏ.ஓ. தமிழ்நாட்டுக் கொலை வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். குற்றவாளி மனம் வருந்தித் தானாகவே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு வருவார், தலையாரியை வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ. வாக்குமூலத்தை எழுதிக்கொள்வார், பிறகு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒப்படைப்பார். அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் பட்டா மாறுதலுக்கு மட்டும் பார்த்திருக்கிற, போன வருஷம்தான் மாறுதலில் வந்த அதிகாரியிடம், கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாததை ஒருவர் ஏன் போய்க் கொட்டுகிறார்? மேல்முறையீட்டில் நீதிபதிகள் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன ஒப்புதல் பலவீனமான சாட்சியம் என்பது நிலைத்துப்போன கருத்து.

ஏன் இப்படிச் சுற்றி வளைத்து வி.ஏ.ஓ.விடம் போக வேண்டியிருக்கிறது? போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872-ஆம் வருஷ சாட்சியச் சட்டத்தில் பிரிவு 25 அப்படித்தான் சொன்னது. வெள்ளைக்காரன் தன் போலீஸையே நம்பாமல் எழுதி வைத்த பிரிவு என்று சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டது. பழைய 25, 26, 27 மூன்றும் இப்போது பிரிவு 23-க்குள் அடங்கியிருக்கின்றன. (கொலைக்கான பிரிவும் 302-லிருந்து 103 ஆகிவிட்டது. ஊரில் இன்னும் முந்நூத்திரெண்டுதான்.) ஒப்புதல் செல்ல வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல வேண்டும். நீ சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும் என்று அவர் முதலில் எச்சரித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

போலீஸிடம் சொன்னது செல்லாது என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதுதான் பழைய பிரிவு 27. ஒருவர் போலீஸ் காவலில் இருக்கும்போது சொன்ன தகவலால் ஏதாவது ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வார்த்தைகளை மட்டும் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். தப்புத் தண்டனைகள் பல இந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன என்பது என் எண்ணம். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பங்காளி போலீஸிடம் இப்படிச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம்: "மடையில வச்சு அவரை வெட்டின அருவாளைப் படப்புக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். வந்தா எடுத்துத் தர்றேன்." இதில் எந்தெந்த வார்த்தை கோர்ட்டுக்குள் வரலாம்? "அருவாளைப் படப்புக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன், எடுத்துத் தர்றேன்" என்பது வரலாம். "மடையில வச்சு அவரை வெட்டின" என்பது வரக் கூடாது. அரிவாள் படப்பில் இருப்பது இவருக்குத் தெரியும் என்பதைத்தான் அந்தக் கண்டெடுப்பு காட்டுகிறது. அதால்தான் வெட்டினார் என்பதைத் தனியாக, வேறு சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும்.

இதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பும் ஒரு வைக்கோல் போரிலிருந்து வந்ததுதான். அன்றைய சென்னை மாகாணத்தில் குண்டூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு கட்சிகளுக்கு நடுவில் நடந்த கொலை அது. கைதான ஒருவர், ஈட்டியையும் தடியையும் ஊரில் இன்னாருடைய வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று போலீஸிடம் சொன்னார். வழக்கு, அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. சுதந்திரத்துக்குச் சற்று முன்னால் வந்த அந்தத் தீர்ப்பில் நீதிபதி குறும்பாக ஒன்று எழுதினார்: என் வீட்டுக் கூரையில் கத்தியை ஒளித்திருக்கிறேன் என்று ஒருவன் சொன்னால், அதனால் கத்தி கண்டுபிடிக்கப்படுவதில்லை, கத்தியைக் கண்டுபிடித்து எத்தனையோ காலம் ஆகிறது. அங்கே ஒரு கத்தி ஒளிந்திருப்பது அவனுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் கண்டுபிடிப்பு. இன்றைக்கும் இந்தியா முழுக்க எந்தக் கொலை வழக்கிலும் வக்கீல்கள் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

ஏட்டில் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது. நடைமுறையில்? ஒப்புதல் வாக்குமூலம் முழுவதும் கட்டுக்குள் இருக்கும், அனுமதிக்கத்தக்க பகுதிக்கு மட்டும் கோடு போட்டிருப்பார்கள். படிக்கிறவர் கண் கோட்டுக்கு வெளியே போகாமலா இருக்கும்? நீதிபதியும் மனிதர்தான்.

அப்புறம் அந்தப் படப்பு. பீரோ மாதிரி அதற்குப் பூட்டும் சாவியும் கிடையாது. களத்துமேட்டில் திறந்து கிடக்கிறது. மாட்டுக்கு வைக்கோல் உருவ வீட்டுப் பெண்கள் போவார்கள், கோழி முட்டை தேடிப் பிள்ளைகள் போவார்கள். யார் வேண்டுமானாலும் அதற்குள் எதையும் செருகலாம். அரிவாள் என்பது எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும் சாமான். கருவேல முள் வெட்ட, தேங்காய் உரிக்க, கோயிலில் கிடா வெட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். பட்டணத்தில் ஒருவர் வீட்டில் அரை அடி நீளக் கத்தி கிடைத்தால் அதற்கு அர்த்தம் வேறு. இங்கே அரிவாள் இல்லாத வீடுதான் சந்தேகத்துக்குரியது.

கிராமத்து வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம் இதுதான். கேட்கும்போது அபூர்வமாகத் தோன்றும் சங்கதிகள் அந்த ஊருக்குள் நின்று பார்த்தால் சர்வ சாதாரணம். எல்லோருக்கும் பகை, எல்லோர் வீட்டிலும் அரிவாள், எல்லோருக்கும் ஒரே பாதை. இவற்றை அடுக்கினால் பங்காளி மட்டும் சிக்க மாட்டார், ஊரில் பாதிப் பேர் சிக்குவார்கள்.

ரத்தக்கறைக்கும் இதே கதைதான். தடயவியல் அறிக்கையில் மனித ரத்தம் என்று மட்டும் வரலாம், வகை தெரியவில்லை என்று வரலாம். வகை பொருந்தினாலும் அதே வகை ரத்தம் ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும். டி.என்.ஏ. என்றால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம், அதுவும் அப்படி இல்லை. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் 2011-இல் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. எடுத்த மாதிரிகள் எப்போது, யார் கையில், எப்படிப் பத்திரமாக இருந்தன என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியமும் நிற்கவில்லை. டி.என்.ஏ. மாதிரிகள் கை மாறுவதைப் பதிய ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவு அந்த வழக்கில்தான் வந்தது.

கண்ணிகளைக் கோக்க ஒரு அளவுகோலும் இருக்கிறது. 1984-இல், புனேயில் ஒரு இளம்பெண் இறந்த வழக்கில், தூக்குத் தண்டனை பெற்ற கணவரை விடுவித்தபோது உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகளை எழுதியது. வக்கீல்கள் அதைப் பஞ்சசீலம் என்பார்கள். ஐந்தையும் ஒப்பிக்கப் போவதில்லை. இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று, 'செய்திருக்கலாம்' என்பதற்கும் 'செய்திருந்தே ஆக வேண்டும்' என்பதற்கும் நடுவில் உள்ள தூரம். திண்ணைப் பேச்சு முதலாவதில் நின்றுவிடும், தண்டனைக்கு இரண்டாவது வேண்டும். இன்னொன்று, இவர் நிரபராதியாக இருந்தாலும் இந்தச் சங்கதிகள் எல்லாம் இப்படியே இருந்திருக்குமா என்ற கேள்வி. இருந்திருக்கும் என்றால் சங்கிலி அறுந்தது. நம் பங்காளியை இந்தக் கேள்வியோடு திரும்ப ஒருமுறை பாருங்கள்.

அளவுகோல் இருந்தும் உச்ச நீதிமன்றமே தவறியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2003-இல் ஒரு தோட்டத்துக் குடிசையில் புகுந்து ஐந்து பேரைக் கொன்ற வழக்கில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு ஏழைகள் மாட்டினார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பத்து வருஷம் கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்து ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயிர் பிழைத்த சாட்சி, போலீஸ் காட்டிய படங்களில் வேறு நாலு பேரை அடையாளம் காட்டியிருந்தார் என்பதும், அந்தத் திசையில் யாரும் போகவில்லை என்பதும் அப்போதுதான் கணக்கில் வந்தது.

இதெல்லாம் ஏழைக்கு மட்டும் நடப்பதும் இல்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சினிமா நடிகர்கள் பாகவதரும் கலைவாணரும் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்று, வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் விடுதலை ஆனது தாத்தா காலத்துக் கதை. அவர்களுக்கு லண்டன் வரை போக வசதி இருந்தது.

மானாவாரிக்காரருக்கு அது எங்கே? கேஸ் நடத்த முதலில் போவது மாடு, அடுத்து நிலம். வருஷம் நாலு போனால் உழாத செய்யில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டிவிடும். விடுதலையாகி வருபவர் முதலில் முள் வெட்ட வேண்டும், அதற்கும் அரிவாள்தான். தீர்ப்பில் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று ஒரு வரி இருந்துவிட்டால் ஊர் அதைப் பிடித்துக்கொள்ளும்: "செஞ்சவன்தான், சாட்சி சரியில்ல, வெளிய வந்துட்டான்." நஷ்ட ஈட்டுக்கு இன்றுவரை தனிச் சட்டம் கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-இல் அறிக்கை கொடுத்ததோடு நிற்கிறது.

உங்கள் ஊரில் யாராவது இப்படி மாட்டினால் பார்க்க வேண்டிய சில இடங்கள் உண்டு. முதல் தகவல் அறிக்கையின் ஓரத்தில், அது மாஜிஸ்திரேட் கைக்கு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்திருக்கும். புகார் காலை எட்டு மணிக்கு என்று எழுதியிருந்து, அது மாஜிஸ்திரேட்டுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் பெயர்கள் சேர்ந்திருக்கலாம் என்ற வாதத்துக்கு அங்கேயே இடம் இருக்கிறது. சிறைத் தண்டனை கொடுத்தால் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் என்றால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டுக்கும் மதுரைக் கிளைதான். வக்கீல் வைக்க வழியில்லாதவர் ஜெயில் அதிகாரி மூலமாகவே மேல்முறையீடு அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

பெரியப்பா கதையை விட்டுவிட்டேன். சாட்சி சொல்லப் போகிற நாளில் வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டுதான் கிளம்பினார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதாகப் பெரியம்மாவிடம் சொல்லியிருந்தார். கூண்டில் அரசு வக்கீல் தாளைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார். படப்பையும் தெரியாது, அரிவாளையும் பார்க்கவில்லை, பஸ்ஸுக்கு நின்றேன் என்று அடுத்துச் சொன்னதற்கு அவரைப் பிறழ் சாட்சி, அதாவது அழைத்த தரப்புக்கே மாறாகச் சொல்கிறவர், என்று அறிவித்தார்கள். மகஜர் சாட்சி பிறழ்ந்தாலும், எடுத்த அதிகாரியின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் கோர்ட் அதை ஏற்கலாம். அந்த வழக்கிலும் அப்படித்தான் ஏற்றது. குற்றம் சாட்டப்பட்டவர் மேல்முறையீட்டில் விடுதலையாக ஐந்து வருஷம் ஆனது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ரேஷன் கடைத் தாளைக்கூடக் கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டுத்தான் பெரியப்பா கையெழுத்துப் போடுவார், நாங்கள் வாசலில் காத்துக்கொண்டு நிற்போம்.